கோதுமையை வேகவைத்தே ஆகணுமா?

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்காக எழுதப்பட்ட செய்முறைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்துப் படிக்கிறேன். தானியம் எப்படிச் சர்க்கரையாகிறது என்பதுதான் என் ஆர்வம். அந்தக் கேள்விக்கு இவ்வளவு பேர் தங்கள் அடுப்பில் விடை தேடிய வேறு துறை இல்லை என்றே நினைக்கிறேன். இந்தக் குறிப்பு அதில் ஒரே ஒரு அறிவுரையைப் பற்றியது: முளைகட்டாத கோதுமையைப் பியருக்குப் போடுவதானால் முதலில் அதைத் தனியாகக் கஞ்சி மாதிரி கொதிக்கவிடணும், பிறகுதான் மால்ட்டோடு சேர்க்கணும் என்பது. பெல்ஜிய வெள்ளை பியருக்கான செய்முறைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் கேட்டால், மாவுச்சத்து வெந்தால்தானே நொதிகளால் அதை உடைக்க முடியும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா கோதுமையைப் பொறுத்தவரை இந்த அறிவுரை தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்தை விட்டுவிடுகிறது என்பது என் வாதம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எழுத்துகள் பிறந்த ஊர்கள் வேறு. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978-ல் நிறைவேறிய சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்கள் செஞ்சு பார்க்கலாம், மற்றவர்கள் தானியத்தைப் பற்றிய கதையாகப் படிக்கலாம்.

மால்ட் என்ன செய்கிறது

தானியத்தை ஊறவைத்து, முளைவிட வைத்து, சரியான நேரத்தில் உலர்த்தி நிறுத்தினால் அதுதான் மால்ட். முளைக்கும்போது இரண்டு காரியம் நடக்குது. விதைக்குள் இருக்கும் கெட்டியான சுவர்கள் இளகுகின்றன. மாவுச்சத்தை வெட்டும் நொதிகள் உண்டாகின்றன. நம்ம ஊர் கேழ்வரகை நினைச்சுப் பாருங்க. சாதாரண கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் கரண்டி நிற்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவுக்கு நீர்த்துப் போகும், லேசா இனிக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி நீர்த்திருப்பதற்கும் பார்லி பியராவதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

பியரில் இந்தக் கட்டத்துக்கு மேஷ் என்று பெயர். உடைத்த மால்ட்டை 62 முதல் 68 டிகிரி வரையிலான வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து குழைகிறது. நொதிகள் அதைச் சர்க்கரையாக வெட்டுகின்றன. முளைகட்டாத கோதுமையைச் சேர்க்கும்போது அதற்குச் சொந்தமாக நொதி போதாது. பீட்டா அமைலேஸ் என்ற நொதி முளைக்காத கோதுமையிலேயே கணிசமாக உண்டு. ஆனால் பெரிய சங்கிலிகளை நடுவில் வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ் முளைத்த பிறகுதான் வருகிறது. அதைப் பக்கத்தில் இருக்கும் பார்லி மால்ட் கடனாகக் கொடுக்கும். பாதிக்குப் பாதி கலந்தாலும் இன்றைய வெளிர் மால்ட் தாங்கும்.

எத்தனை டிகிரியில் வேகும்?

கொதிக்கவைக்கணும் என்பவர்களின் வாதம் இங்கே ஆரம்பிக்கிறது. குழையாத மாவுச்சத்தை நொதி தொடவே முடியாது, அதனால் வேகவை என்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் எத்தனை டிகிரியில் குழைகிறது என்பது தானியத்துக்குத் தானியம் மாறும். காய்ச்சும் புத்தகங்களில் வழக்கமாகக் காணும் எண்கள் இவை: அரிசி சுமார் 68 முதல் 78 டிகிரி, சில ரகங்களில் இன்னும் மேலே. சோளம், அதாவது மக்காச்சோளம், 62 முதல் 74. கோதுமை 58 முதல் 64.

இந்த மூன்று எண்களையும் மேஷின் 62–68-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அரிசி வெளியே நிற்கிறது. மக்காச்சோளம் வாசற்படியில் நிற்கிறது. கோதுமை உள்ளேயே இருக்கிறது. அரிசியையும் சோளத்தையும் தனியாக வேகவைப்பதற்கு உண்மையான காரணம் இருக்கு. அதே காரணத்தைக் கோதுமைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் பொருந்தலை.

அல்வா கிண்டியவர்களுக்கு இந்த எண் தேவையே இல்லை. ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பால் எடுத்து அடுப்பில் வைத்தால், அது கொதிக்கும்வரை காத்திருப்பதில்லை. ஓரத்தில் குமிழி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே திடீரென்று கனத்துப் போகும். கிண்டுகிற கை கண்டுபிடித்துவிடும். மாவுச்சத்து குழைகிற தருணம் அதுதான்.

அப்போ இந்த விதி எங்கேயிருந்து வந்தது? என் வாசிப்பு இது. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மன், பொஹீமிய காய்ச்சுநர்களுக்குக் கிடைத்தது ஆறு வரிசைப் பார்லி; புரதம் அதிகம். அதைச் சமன்செய்ய அரிசியும் சோளமும் சேர்த்தார்கள். அன்டன் ஷ்வார்ட்ஸ் போன்றவர்கள் அதற்கான முறையை எழுதிப் பரப்பினார்கள். இவற்றைக் கொதிக்கவைக்கத் தனி அண்டா வந்தது. பிறகு வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அந்த ஆலை முறையைச் சின்னதாக்கி எடுத்துக்கொண்டபோது, 'அரிசிக்கும் சோளத்துக்கும்' என்ற நிபந்தனை உதிர்ந்து, 'முளைகட்டாத எதற்கும்' என்று ஆகிவிட்டது. மாவுச்சத்தின் எண்களைத் தரும் அட்டவணை ஒரு பக்கத்திலும், எல்லாத்தையும் வேகவை என்ற அறிவுரை வேறொரு பக்கத்திலும் இருந்தால் இரண்டையும் யாரும் ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை.

கொதிக்கவைப்பதன் விலை

சும்மா ஒரு வேலை கூடுதல், செஞ்சா என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். 20 லிட்டர் வெள்ளை பியருக்குச் சுமார் 2 கிலோ கோதுமை. அதைக் கஞ்சியாக்க 6 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேணும். கோதுமைக் கஞ்சி அடிப்பிடிக்கும் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணி நேரம் கையெடுக்காமல் கிளறணும். கருகிய வாசனை கறுப்பு பியரில் மறைந்துகொள்ளலாம். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, வெளிறிய நிறத்தில் குடிக்கிற வெள்ளை பியரில் ஒளிய இடமில்லை.

இரண்டாவது, கொதிக்கும் 8 கிலோ கஞ்சியை மால்ட்டின் மேல் கொட்டும்போது சூடு எங்கே போய் நிற்கும் என்று கணிப்பது சுலபமில்லை. கொஞ்சம் கூடினால், எந்த நொதிகளுக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அவையே அழியும். மூன்றாவது, கொதிக்கும்போது கோதுமையின் சொந்த பீட்டா அமைலேஸும் போய்விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. ஒழுங்காகச் செய்யப்படும் கஞ்சி முறையில், தானியத்தோடு கொஞ்சம் மால்ட்டையும் சேர்த்து, கொதிக்கவைக்கும் முன் 67, 68 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்தணும். கஞ்சி இளகிக் கிளற வசதியாகும் என்பது காரணம். அரிசிக்கு இது ஒரு உதவிப் படி மட்டுமே. கோதுமைக்கோ, பொடித்த தானியமும் மால்ட்டும் 67 டிகிரித் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் இருந்தால், அதுதான் மேஷ். வேலை அங்கேயே நடக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அதைக் கொதிக்கவைப்பது, வெந்த சோற்றை மறுபடி உலையில் போடுகிற கதை.

லாம்பிக் என்ன சொல்கிறது

முளைகட்டாத கோதுமையை இன்றும் விடாமல் பயன்படுத்துகிறவர்கள் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் காய்ச்சுநர்கள். குறைந்தது 30 சதவீதம் கோதுமை வேணும் என்று பெல்ஜிய அரசாணையே இருக்கிறது. 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் 35 சதவீதம் முளைகட்டாத கோதுமை, 65 சதவீதம் பார்லி மால்ட். அங்கே கோதுமைக்குத் தனி அடுப்பு கிடையாது. இரண்டையும் உடைத்து, ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில் வெந்நீரோடு கலக்கிறார்கள். பிறகு கலங்கலான நீரைக் கொஞ்சம் வெளியே எடுத்துத் தனியாகச் சூடாக்கித் திருப்பிச் சேர்க்கிறார்கள்.

இதை வைத்து என் கட்சி ஜெயித்தது என்று சொல்லிவிடக் கூடாது. லாம்பிக்கில் மாவுச்சத்து முழுக்க சர்க்கரையாகாமல் மிச்சம் இருக்கணும் என்பதே நோக்கம். பல மாதம், சில வருடம் பீப்பாயில் கிடக்கும்போது காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்ன ஏதாவது வேணுமில்லையா? கலங்கல் நீரைச் சூடாக்குவதே அதில் உள்ள நொதிகளைக் கொல்வதற்குத்தான். ஆக, வேகவைக்காமலே முழுச் சர்க்கரை வரும் என்பதற்கு லாம்பிக் சாட்சி இல்லை. ஆனா கோதுமையைத் தனியாகக் கொதிக்கவைப்பதுதான் 'பெல்ஜியப் பாரம்பரியம்' என்று எழுதுகிறவர்களுக்கு அது நல்ல மறுப்பு.

பாரம்பரியம் என்ற சொல்லையும் பத்திரமாகக் கையாளணும். ஹூகார்டன் ஊரில் வெள்ளை பியர் காய்ச்சிய கடைசி ஆலை 1950-களில் மூடப்பட்டது. இளவயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்த பால்காரர் பியர் செலிஸ் 1960-களின் நடுவில் அதை மறுபடி காய்ச்சினார். இன்று உலகமெங்கும் வெள்ளை பியர் என்று நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு மனிதரின் ஞாபகத்திலிருந்து கிளைத்தது.

கோதுமையை முளைகட்டுவதா, அப்படியே போடுவதா என்பதைப் பல சமயம் நாக்கு தீர்மானிக்கவில்லை, வரி தீர்மானித்தது. பிரிட்டனில் மால்ட்டுக்கு வரி. வரி ஏய்ப்பைத் தடுக்க முளைகட்டாத தானியத்தைப் பியரில் போடவே விடவில்லை. 1880-ல் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்த பிறகுதான் வழி திறந்தது. தாழ்நாடுகளில் 1822-ம் வருடச் சட்டம் மேஷ் தொட்டியின் கொள்ளளவுக்கு வரி போட்டது. சின்னத் தொட்டியில் எவ்வளவு தானியம் திணிக்கலாம் என்று யோசிக்கிறவருக்கு உமியில்லாத கோதுமை லாபம். பவேரியாவிலோ கோதுமை பியர் முழுக்க மால்ட்தான். ஒரே தானியம், மூன்று சட்டம், மூன்று விதமான பியர்.

உண்மையான சிக்கல்கள்

பியர் வகைகளுக்கான பிஜேசிபி வழிகாட்டி வெள்ளை பியருக்கு 30 முதல் 60 சதவீதம் முளைகட்டாத கோதுமை என்கிறது. எப்படித் தயார் செய்வது என்பது அதன் வேலை இல்லை. செய்முறைகளோ அந்த இடத்தைக் கொதிக்கவை என்ற ஒரே வார்த்தையால் நிரப்புகின்றன. அதனால் இரண்டு உண்மையான சிக்கல்கள் பேசப்படாமல் போகின்றன.

முதலாவது, உடைப்பது. முளைகட்டிய தானியம் பல்லில் கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். முளைகட்டாத கோதுமை கல் மாதிரி. மால்ட்டுக்கு வைத்த ஆலை இடைவெளியில் விட்டால் இரண்டாகப் பிளந்து வரும், சிலது முழுசாகவே வரும். அந்தத் துண்டுக்குள் ஒரு மணி நேரத்தில் தண்ணீரும் போகாது, நொதியும் போகாது. கிடைக்கவேண்டிய சர்க்கரை கிடைக்கலை என்றால் பழி, வேகவைக்காததன் மேல் விழுகிறது. பல சமயம் குற்றவாளி கரடுமுரடான அரைப்பு. கோதுமையை மட்டும் தனியாக, உருளைகளை நெருக்கி இரண்டு முறை விடணும். இல்லைன்னா மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு ஓட்டி, நைஸ் ரவைப் பதத்துக்குக் கொண்டுவரணும். உமி இல்லாததால் இங்கே நைசாக அரைக்கப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, வடிப்பது. பார்லி உமியோடு வரும். அந்த உமிதான் மேஷின் அடியில் வடிகட்டியாகப் படியும். கோதுமை களத்திலேயே உமியை விட்டுவிட்டு வருகிறது. போதாததற்கு அராபினோசைலான் என்ற பசைச் சர்க்கரை நிறைய. பாதிக் கோதுமை போட்ட மேஷ் களிமாதிரி அடைத்துக்கொண்டு நின்றுவிடும். வேகவைப்பது இதற்கு மருந்தில்லை. மருந்து நெல் உமிதான். தானிய எடையில் 5 சதவீதம் போதும், அலசிவிட்டுக் கலக்கணும். அமெரிக்காவில் இதைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், நம்ம ஊர் அரிசி ஆலையில் மலையாகக் குவிந்து கிடக்கும்.

அப்போ எப்படித்தான் செய்வது

20 லிட்டருக்கு வெளிர் பார்லி மால்ட் 2.25 கிலோ, கோதுமை 2 கிலோ, ஓட்ஸ் 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கோதுமையை ரவையும் மாவும் கலந்த பதத்துக்கு அரைக்கணும். மால்ட்டோடு உலர்ந்த நிலையிலேயே கலந்துவிட்டால் கட்டி தட்டாது. 45–50 டிகிரித் தண்ணீரில் 15 நிமிடம், கோதுமை நீர் குடிக்க. பிறகு மெதுவாக 67-க்கு ஏற்றி 75 நிமிடம். தெளிந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்க்கணும். நீலக் கறுப்பு என்றால் மாவுச்சத்து மிச்சம், இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். பழுப்பாகவே நின்றால் முடிந்தது. உமி கலந்து, 75 டிகிரிக்கு ஏற்றி, அவசரப்படாமல் வடிக்கணும்.

கடையில் கிடைக்கும் மாற்றுகளும் உண்டு. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய கோதுமை அவல், சூட்டில் பொரித்த கோதுமை, இரண்டும் ஏற்கெனவே வெந்தவை. மத்தியக் கிழக்கின் புல்குரும் அப்படியே, புழுங்கவைத்து உலர்த்தி உடைத்தது. ஆனா நம்ம கோதுமை ரவை வேகாதது; பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்தக் கோதுமை வாங்கினாலும் விதைப்புக்கு விற்கும் விதைக் கோதுமையை மட்டும் தொடவே கூடாது. அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

கொதிக்கவைப்பதற்கு நியாயமே இல்லையா என்றால், இருக்கு. ஆலை இல்லாமல் கோதுமையைக் கரடாக உடைக்கத்தான் முடிகிறது என்றால் கொதிக்கவைப்பது அந்தக் குறையை ஈடுகட்டும். கோதுமையின் மாவுமணிகள் இரண்டு அளவில் இருக்கும். சின்னவை குழையக் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும். அதனால் கொதித்த மேஷில் சற்றே அதிகச் சர்க்கரை வரலாம். ஒரு கைப்பிடி கோதுமை கூடப் போட்டால் வீட்டில் காய்ச்சுகிறவருக்கு அந்த வித்தியாசம் சரியாப்போயிடும். ஆலைக்கு அது பணம், வீட்டுக்கு அது அரைக் கரண்டி.

நம்பிக்கை வரலைன்னா, பியர் காய்ச்சாமலே சோதிக்கலாம். கடையில் வாங்கிய கோதுமை மாவு இரண்டு ஸ்பூனை வெந்நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே 67 டிகிரிக்குக் கொண்டுபோங்க. பசையாகும். ஒரு ஸ்பூன் முளைகட்டிய பார்லிப் பொடி போட்டு அதே சூட்டில் வைத்திருங்க. வறுத்ததாக இருக்கக் கூடாது. வறுத்தால் நொதி செத்திருக்கும். இருபது நிமிடத்தில் பசை தண்ணியாகும், நக்கிப் பார்த்தால் இனிக்கும். கொதி என்ற ஒன்று இதில் எங்கேயும் வரவில்லை.

அரிசிக்கும் சோளத்துக்கும் எழுதப்பட்ட விதியைக் கோதுமைக்குச் சொல்கிற ஒவ்வொரு செய்முறையும், படிக்கிறவரை ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கவைத்துவிட்டு, அவருடைய அரைப்புப் பதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போகிறது. கோதுமைக்குத் தேவை நல்ல அரைப்பும் கொஞ்சம் உமியும். அடுப்பு அதற்கு அப்புறம்தான்.